ஓடாத நண்டும் ஓசாங்கும்

என் நாத்தனார் ஓசாங்கைப் பற்றி எங்கள் தீவில் யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். பெரிய வெள்ளியன்று கடலில் இறங்கினவள் என்பார்கள். வளர்த்த அண்ணனை ஊர் பார்க்க எடுத்தெறிந்து பேசினவள் என்பார்கள். வாயாடி, அடங்காப்பிடாரி, இன்னும் என்னென்னவோ. அதையெல்லாம் சொல்கிற வாய்களை எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குக் கரையில் அதே வாய்கள் என்ன பேசின என்பதும் தெரியும். நான் அங்கேதான் நின்றிருந்தேன். அவளுடைய அண்ணன் பூலோவைக் கட்டிக்கொண்ட பாவி நான்தான். கட்டினவனை 'அவர்' என்று சொல்வதுதான் மரியாதை. இந்தக் கதை முடிகிறவரை எனக்கு அந்த மரியாதை வராது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஓசாங்கின் அப்பா ஒரு பெரிய வெள்ளியன்று கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அப்போது அவளுக்குப் பால்பல் விழுகிற வயசு. பூலோ வளர்ந்த ஆள். தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டே வலை பின்னினான் என்று ஊரே சொல்லும், அது பொய்யில்லை. நான் மருமகளாக அந்த வீட்டுக்கு வந்தபோது அவள் என் இடுப்பு உயரம்கூட இல்லை. வந்த அன்றே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணி, எங்க அண்ணனுக்கு மீன் தலை நான்தான் வைப்பேன், நீ வைக்கக்கூடாது" என்றாள். சரி தாயே, நீயே வை என்றேன்.

பாறையில் வேலை பார்க்க அவளை யாரும் பழக்கவில்லை. கடல் வற்றி எங்கள் பாறைத்திட்டு வெளியே வந்ததும் பெண்களெல்லாம் கூடையும் இரும்புக் கம்பியுமாக இறங்குவோம். கல்லைப் புரட்டிச் சிப்பி, கடல் முள்ளெலி, நண்டு என்று கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டு, புரட்டின கல்லைப் பழையபடி வைக்கவேண்டும். வைக்காமல் போகிறவளை ஓசாங் விடமாட்டாள். "உங்க வீட்டுக் கூரையை நான் பிரிச்சுப் போட்டுட்டுப் போனா சும்மா இருப்பியா?" என்று பாறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். சனிக்கிழமை அண்ணன் படகில் ஏறி எதிர்க்கரை ஊர்ச் சந்தைக்குப் போவாள். யாராவது சீமாட்டி வந்து, "இந்த நண்டு உயிரோடதானா இருக்கு?" என்று மூக்கைச் சுளித்தால், "விரலை விட்டுப் பாருங்களேன், நான் வேணாம்னா சொன்னேன்?" என்பாள்.

எங்கள் பாறையில் எல்லா நண்டும் ஓடும். நிழல் விழுந்தாலே ஓடும். ஒன்று மட்டும் ஓடாது. உள்ளங்கை அகலம் இருக்கும். வெளிர் ஓட்டின் மேல் செம்பழுப்பில் தீவு தீவாகத் திட்டு, கிடுக்கியின் முனை மட்டும் கறுப்பு, கால்களின் ஓரம் தட்டையாக விளிம்பு கட்டியிருக்கும். பார்க்க அவ்வளவு அழகு, கிரகம் பிடித்தது. அலை உடைகிற வெளி விளிம்பில் பொந்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கையில் எடுத்தால்கூடக் கடிக்க வராது, காலை மடக்கிக்கொண்டு கல்லாகிவிடும். அதற்கு யாரிடம் பயம்? தின்றவன்தான் போய்ச்சேருவான். அதற்கு நாங்கள் பெயர்கூட வைக்கவில்லை. 'ஓடாதது' என்போம், அவ்வளவுதான்.

ஓசாங்குக்குக் கல்யாணம் ஆகும் என்ற நம்பிக்கையை எல்லாரும் விட்டிருந்த காலத்தில் டென்சியோ வந்தான். படகு கட்டுகிற தச்சன். கிழக்கே, பெருங்கடலைப் பார்த்துக் கிடக்கும் ஒரு தீவுக்காரன். ஒரு படகுக்குப் பலகை மாற்ற வந்தவன் தங்கிவிட்டான். பூலோவுக்குப் பிடிக்கவில்லை. ஊர் பேர் தெரியாதவன், நாளைக்கு எழுந்து போய்விடுவான் என்று குதித்தான். "போனா நானும் கூடப் போறேன், உனக்கென்ன?" என்றாள் இவள். அத்தோடு கல்யாணம்.

டென்சியோ ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவன். அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் வாய்ருசி. எதைத் தின்றாலும், "எங்க ஊர்ல இதைவிட" என்று ஆரம்பிப்பான். ஒருநாள் பாறையில் ஓடாததைப் பார்த்துவிட்டு, "அடடா, இதைப் போயா விடறீங்க? எங்க ஊர்ல தேங்காப்பால்ல போட்டு வேகவச்சா விரலைக் கடிச்சுக்குவோம்" என்றான்.

"அப்போ உங்க ஊருக்கே போய்க் கடிச்சுக்கோ. இங்க தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்றாள் ஓசாங்.

"சின்ன வயசுலேர்ந்து தின்னவன்டி நான். செத்தா போயிட்டேன்?"

"அதுதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஒரு சமயம் கடலோரக் காவல்காரர்கள் வந்து, மூழ்கினவனுக்கு வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பது எப்படி என்று ஒரு ரப்பர் பொம்மையைப் போட்டுக் காட்டினார்கள். பெண்கள் கையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஆண்கள் அடித்த கேலியை எழுத முடியாது. ஓசாங் மட்டும் மண்டியிட்டு உட்கார்ந்து, பொம்மையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் நெஞ்சு உப்ப உப்ப ஊதினாள். "அம்மா, போதும்மா, பொம்மை வெடிச்சிரும்" என்றார் அந்தக் காவல்காரர். எதைச் செய்தாலும் அவளுக்குச் சண்டை போடுகிற மாதிரிதான் செய்யத் தெரியும்.

அந்தப் பெரிய வெள்ளிக்கு வருகிறேன். எங்கள் தீவில் அன்று படகு இறங்காது. ஆணி அடிக்கமாட்டோம், உரக்கச் சிரிக்கமாட்டோம், மணிகூட அடிக்காது, மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். ஆண்டவர் இறந்து கிடக்கிறார், பார்த்துக்கொள்ள ஆளில்லை, கடல் அன்று யாருக்கும் கட்டுப்படாது என்பது நம்பிக்கை. பூலோவுக்கு அது நம்பிக்கை மட்டுமில்லை, அப்பாவைப் பறிகொடுத்தவனாயிற்றே. கோயிலில் ஆண்டவரின் சவ உருவத்தைச் சுமப்பவர்களில் முதல் தோள் அவனுடையது. தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே உள்ள கடற்கால்வாயைக் கடக்கக்கூடிய ஒரே மோட்டார் படகும் அவனுடையதுதான். இயந்திரத்தைக் கிளப்பச் சுண்டியிழுக்கிற கயிற்றை அன்று காலையிலேயே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுவிட்டான்.

நாங்கள் பெண்கள் கோயிலில் ஆண்டவர் பட்ட பாடுகளின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வீடு கிழங்கும் வாழைப்பழமும் சவ்வரிசியும் தேங்காய்ப்பாலில் வெந்த இனிப்புக் கஞ்சிதான், வேறு ஒன்றும் கிடையாது. டென்சியோவுக்குச் சுத்தியலைத் தொடமுடியாத நாள். கஞ்சி திகட்டிவிட்டது. பொண்டாட்டி கோயிலில். கடலும் வற்றிக் கிடந்தது. மனுஷன் கூடையை எடுத்துக்கொண்டு வெளி விளிம்புவரை போய்விட்டான்.

உச்சி வேளைக்குச் சற்று முன்னால் கோயில் வாசலில் வந்து நின்றான். முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு.

"ஓசாங், என் உதடு எங்க போச்சுன்னு தெரியலடி" என்றான்.

பாட்டு நின்றது. ஓசாங் எழுந்து போனாள். "என்ன தின்னே?"

அவன் கையைக் குவித்து, உள்ளங்கை அளவு காட்டினான். கோயில் வாசலில், பெரிய வெள்ளியன்று, அவள் அவனைப் பளாரென்று அறைந்தாள். அடுத்த நொடி அவன் வாய்க்குள் விரலை விட்டுக் குடைந்து வாந்தி எடுக்க வைத்தாள். "அண்ணே! படகை எடு! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்ற கிழவிகள் நடுங்கிப்போனார்கள்.

பூலோ வந்தான். பார்த்தான். "மூணு மணி ஆராதனை முடியட்டும், ஓசாங். அதுக்கப்புறம் பாக்கலாம்" என்றான்.

"மூணு மணிக்கு இவன் இருக்கமாட்டான்."

"கடல்ல இறங்கினா எல்லாரும் இருக்கமாட்டோம். அப்பாவை மறந்துட்டியா?"

"அப்பாவைக் கொண்டுபோனது காத்து. வெள்ளிக்கிழமை இல்ல. எடுண்ணே, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

உண்மையிலேயே காலைப் பிடித்தாள். யாரிடமும் தலை வணங்காதவள் மண்ணில் உட்கார்ந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் குனிந்து அவள் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டான். நான் பார்த்தேன்.

டென்சியோவைக் கரைவரை நடத்திக்கொண்டு போனோம். மணலில் கால் மடங்கிவிட்டது. பிறகு கை. பிறகு நாக்கு. சேப்பா என்று ஒருத்தி இருக்கிறாள், ஊரில் பேறுகாலம் பார்ப்பதும் அவள், பிணத்துக்குத் துணி மாற்றுவதும் அவள். தேங்காய்ப்பாலில் சர்க்கரை கரைத்துக்கொண்டு வந்து, "இது விஷத்தை முறிச்சிரும்" என்று அவன் வாயில் ஊற்றப் பார்த்தாள். விழுங்கத் தொண்டை வேலை செய்யாதவனுக்கு! ஓசாங் சட்டியைத் தட்டிவிட்டாள். அப்போதே ஊருக்கு அவள்மேல் கோபம்.

சற்று நேரத்தில் மூச்சு நின்றது. கண் பாதி மூடிக்கொண்டது. சேப்பா தன் தலைத்துணியை அவிழ்த்து அவன் தாடையைக் கட்டக் குனிந்தாள். "கொடுத்துவச்ச சாவு. பெரிய வெள்ளியில போறவங்க நேரா மோட்சந்தான்" என்றாள். சுற்றி நின்ற சனம் சிலுவை போட்டுக்கொண்டது. பூலோ தங்கையின் தோளில் கைவைத்து, "அழாதே புள்ள. வந்தவன் வந்த வழியே போயிட்டான். உனக்கும் ஒண்ணும் வயசாயிடல" என்றான்.

வயசாயிடலையாம்! ஆறிப்போவதற்குள் அடுத்த மாப்பிள்ளை! எனக்கு அந்த இடத்திலேயே அவன் கழுத்தை நெரிக்கவேண்டும் போலிருந்தது.

ஓசாங் அழவில்லை. காதை டென்சியோவின் நெஞ்சில் வைத்தாள். "அடிக்குது" என்றாள். "நெஞ்சு அடிக்குது. மூச்சுதான் நின்னிருக்கு."

"அது உயிர் பிரியற துடிப்பு" என்றாள் சேப்பா.

ஓசாங் தாடைத்துணியைப் பிய்த்தெறிந்தாள். அவன் மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு எழுந்தது. தலையை நிமிர்த்தினாள். "சோத்துக்குச் செத்த பயலே!" மறுபடி ஊதினாள். "கஞ்சி இறங்கலையோ உனக்கு?" ஊதினாள். "என்னை விட்டுட்டா போற? போயிருவியா நீ?" ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு வசவு. சவத்தை முத்தமிடுகிறாள், புத்தி பேதலித்துவிட்டது, இழுங்கள் என்றது ஊர். இரண்டு பேர் இழுக்க வந்தார்கள். ஒருவன் முழங்கையில் அவள் பல் பட்டது.

நான் பூலோவிடம் போனேன்.

"கயித்தைக் குடு."

"மெலிங், இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். எல்லாரும் நின்னு வேடிக்கை பாக்க ஒருத்தரைக் கொன்ன நாள். குடு கயித்தை."

அவன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் அவன்மேல் கை ஓங்கினது கிடையாது. அன்றும் ஓங்கவில்லை, கடித்தேன். கட்டைவிரல் அடியில் நன்றாகக் கடித்தேன். கயிறு என் கையில் வந்தது. வாரா வாரம் சந்தைக்குப் போகும்போது அவன் தூங்க, சுக்கானைப் பிடிப்பது நான்தானே. கோயிலிலிருந்து ஓடிவந்த சின்னப் பெண்கள் சிலபேர் பாட்டுப் புத்தகத்தை மணலில் போட்டுவிட்டு டென்சியோவைத் தூக்கிப் படகில் கிடத்தினார்கள். அவர்களே தள்ளியும் விட்டார்கள். ஆம்பிளை ஒருத்தன் கை வைக்கவில்லை. கடல் ஏறத் தொடங்கியிருந்ததால் படகு மிதந்தது.

கால்வாய் குளம் மாதிரி கிடந்தது. ஆள் விழுங்கும் என்றார்களே, அந்தக் கடல்! எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் பொங்கியது. ஓசாங் ஊதிக்கொண்டே வந்தாள். இயந்திரச் சத்தத்தில் அவள் வசவு எனக்குக் கேட்கவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நடுவழியில் அவள் தலை ஒருபக்கம் சாய்ந்தது. "ஓசாங்! அடியே ஓசாங்!" என்று கத்தினேன். கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். அவள் உதடு கிழிந்து ரத்தம் அவன் கன்னத்தில் வழிந்திருந்தது. சுக்கானை விட்டால் படகு திரும்பிவிடும், அவளுக்கு மாற்று நான் போகவும் வழியில்லை. நான் ஆண்டவரை வேண்டிக்கொள்ளவில்லை. எல்லோரையும் வைதுகொண்டே ஓட்டினேன்.

எதிர்க்கரையில் பெரிய வெள்ளி ஊர்வலம். தெருவை அடைத்துக்கொண்டு சவப்பெட்டி, பூ, மெழுகுவர்த்தி. ஒரு மூன்று சக்கர வண்டிக்காரன் பார்த்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. டென்சியோவை ஏற்றினான், ஓசாங் மேலே கவிழ்ந்து ஊதிக்கொண்டே இருக்க, ஹார்ன் அடித்துக்கொண்டு ஊர்வலத்தின் நடுவே புகுந்துவிட்டான். சனம் சபித்தது. அந்தப் புண்ணியவான் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் ஓடிவந்து ரப்பர் பையை அவன் முகத்தில் பொருத்தி அமுக்கத் தொடங்கினாள். ஓசாங்கின் கையைப் பிடித்து நகர்த்தவேண்டியிருந்தது. அவள் நிறுத்தமாட்டேன் என்கிறாள். "அம்மா, இனி நான் பாத்துக்கறேன். நீங்க மூச்சு விடுங்க, உங்களுக்காக விடுங்க" என்றாள் அந்த நர்ஸ். அப்புறம்தான் ஓசாங் அழுதாள்.

குழாய் வைத்து மெஷினில் போட்டார்கள். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, அது தானாக இறங்குகிறவரை யாராவது அவனுக்காக மூச்சு விட்டாகவேண்டும், அதைத்தான் உங்கள் நாத்தனார் செய்திருக்கிறார் என்றார் டாக்டர். நண்டைப் பற்றியும் சொன்னார். விஷம் அதுவாகச் செய்துகொள்வதில்லையாம். பாறையில் அது மேய்கிறதே பாசியும் மற்றதும், அதிலிருந்து உடம்பில் சேர்வதாகச் சொல்கிறார்களாம். அதனால் ஒரு பாறையில் தின்றவனுக்கு ஒன்றும் ஆகாது, இன்னொரு பாறையில் அதே நண்டு ஆளைக் கொன்றுவிடும். வேகவைத்தாலும் போகாது, குழம்பிலும் இறங்கிவிடும்.

ஓசாங் எழுந்துவிட்டாள். "அப்போ இவன் ஊர்ல தின்னேன்னு சொன்னது பொய் இல்லையா?"

"பொய்யா இருக்கணும்னு இல்லம்மா."

"பொய்யன்னு நெனச்சுத் திட்டினா கொஞ்சம் ஆறும்" என்றாள் என்னிடம். "இப்போ அதுவும் போச்சு அண்ணி."

டென்சியோ விரலை அசைத்தது ஞாயிற்றுக்கிழமை. வேறு எந்தக் கிழமையாவது அசைத்திருக்கக்கூடாதா அந்த மனுஷன்? செய்தி தீவுக்குப் போனதும் கோயில் மணியை அடித்துத் தீர்த்துவிட்டார்கள். உயிர்ப்பு ஞாயிறன்று எழுந்தவன்! அதிசயம்! குழாயை எடுத்து, நடக்க வைத்து, நாங்கள் அவனைக் கூட்டிவந்தபோது கரையில் சனம் மண்டியிட்டது. அவன் சட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் சேப்பா. வாய் வீங்கி, கஞ்சிகூடக் குடிக்க முடியாமல் பின்னால் இறங்கினவளை யாரும் பார்க்கவில்லை. பூலோ ஒரு படி மேலே போனான். தான் பெரிய வெள்ளியின் நியமத்தைக் காத்ததால்தான் ஆண்டவர் கடலை அடக்கிவைத்தார் என்று கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னான். பெண்டாட்டி கடித்த கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு சொன்னான்! அந்த நன்றிப் பூசைக்கு ஓசாங் போகவில்லை. திமிர் என்றது ஊர். அந்தப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

அடுத்த நாள் பூலோ கோழிச் சாறு எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினான். பப்பாளிக்காயும் முருங்கைக்கீரையும் போட்டது. நான் சமைத்துத் தரமாட்டேன் என்றுவிட்டேன், சேப்பாவிடம் கேட்டு வாங்கியிருந்தான். நானும் பின்னாலேயே போனேன். ஓசாங் வாசலில் உட்கார்ந்து கூடையின் ஓரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மாப்பிள்ளை, எப்படி இருக்கு? ஆண்டவர் கைவிடல பாத்தியா?" என்றான் பூலோ.

டென்சியோ உள்ளே பாயில் சாய்ந்திருந்தான். குழாய் வைத்த தொண்டை இன்னும் கரகரத்தது. "மச்சான், எனக்கு எல்லாம் கேட்டுச்சு" என்றான்.

"என்ன கேட்டுச்சு?"

"எல்லாமுந்தான். உடம்புதான் அசையல. நான் உள்ளேயே இருந்தேன். சேப்பா துணி கட்ட வந்தது, மோட்சம்னு சொன்னது. வந்தவன் வந்த வழியே போயிட்டான்னு நீ சொன்னது. இவளுக்கு வயசாயிடலன்னு சொன்னது."

பூலோவின் கையில் சட்டி சரிந்தது. சாறு அவன் காலில் சிந்தியது, சுட்டிருக்கும், நகரவில்லை. முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எனக்கு ஆசை தீரப் பார்க்கவேண்டும் போலிருந்தது, ஆனால் பார்க்க முடியவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டேன்.

டென்சியோ நல்லவன் என்று சொன்னேன் அல்லவா? அவனே எழுந்து வந்து சட்டியை வாங்கினான். "விடு மச்சான். உங்க அப்பாவைப் பறிகொடுத்த பயம் உனக்கு. நானா இருந்தாலும் அப்படித்தான் நின்னிருப்பேன். நான் மன்னிச்சுட்டேன்" என்றான். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "நீயும் விட்டுரு ஓசாங்."

ஓசாங் கூடையைக் கீழே வைத்தாள்.

"நீ மன்னிப்பே. உனக்கென்ன, அவன் மச்சான்தானே" என்றாள். "எனக்கு அவன் அண்ணன்."

பூலோ படியிறங்கி வீட்டுக்கு வந்தான். நான் சோறு போட்டு மீன் தலையை வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை.